ஆறு முழக் கதவும் ஒன்பதடித் திரைச்சீலையும்

எங்கள் வீட்டில் இஞ்ச் டேப் ஒன்று இருக்கிறது. தேவைப்படாத நாட்களில் அது எல்லா இடத்திலும் இருக்கும். டிராயரில் கரண்டிகளுக்கு நடுவே சுருண்டு கிடக்கும், ஃபிரிட்ஜ் தலையில் கிடக்கும், ஒருமுறை அரிசி டப்பாவுக்குள்கூட இருந்தது. தேவைப்படும் நாளில் மட்டும் வீட்டை விட்டுப் போய்விடும். பால்கனிக் கதவுக்குத் திரைச்சீலை வாங்க அளவெடுக்க வேண்டிய அன்றைக்கும் அது ஊரில் இல்லை. எனக்குப் பொறுமையும் இல்லை. அதனால் கையாலேயே அளந்துவிட்டேன்.

திரைச்சீலை அவசரமாகத் தேவைப்பட்டதற்குக் காரணம் என் ஆபீஸ். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மராத்தி பேசும் ஊரான நிக்டியில் எங்கள் வீடு மேற்குப் பார்த்த நாலாவது மாடி. மத்தியானம் மூன்று மணியானால் பால்கனிக் கதவு வழியாக வெயில் உள்ளே வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். வீடியோ காலில் என் முகம் கறுப்பாகவும் சுற்றிலும் ஒளியாகவும் தெரிந்திருக்கிறது. "முகத்தை மறைத்துக்கொண்டு சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள்" என்று என் மேலாளர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களுக்குத்தான் என் முகம் தெரியவில்லையே, உள்ளே என்ன நினைத்தேன் என்பதும் தெரிந்திருக்காது.

ஒரு முழம் ஒன்றரை அடி. இதைச் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டேன், இன்னும் மறக்கவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று, திரைச்சீலை மாட்டும் கம்பியில் ஆரம்பித்து, கதவின் சட்டத்தை ஒட்டி முழங்கையும் கையுமாகத் தாவித் தாவி இறங்கி, தரைக்கு வரும்போது ஆறு முழம் ஆகியிருந்தது. ஆறு ஒன்றரை ஒன்பது. போனை எடுத்து, சந்தன நிறத்தில் நாலு திரைச்சீலை, ஒன்பதடி உயரம் என்று ஆர்டர் போட்டுவிட்டேன். இவ்வளவு சுலபமான காரியத்துக்கு எதற்கு டேப் என்றுகூடத் தோன்றியது.

நடந்தது என்ன என்று பிறகு நானே நிதானமாக யோசித்துக் கண்டுபிடித்தேன். திருநெல்வேலியில் கல்லூரிக்குப் போன காலத்தில் நான் பூக்காரம்மாக்களோடு தினமும் சண்டை போடுவேன். விரலை மடக்கிக்கொண்டு அளப்பார்கள். "விரல நீட்டி அளங்கக்கா" என்று நான் கத்துவேன். வேறு எந்த விஷயத்திலும் அவ்வளவு நேர்மைக்காகப் போராடியதில்லை. இத்தனை வருஷம் கழித்து, சொந்த வீட்டில், சொந்தக் கதவை அளக்கும்போது நான் விரலை மடக்கிக்கொண்டிருக்கிறேன். கை தானாக மடங்கியிருக்கிறது. என்னை நானே ஏமாற்றியதில் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. என் முழம் பதினாலு அங்குலம்தான் வந்திருந்தது. கதவு சரியாக ஏழடி.

திரைச்சீலை வந்தது. பிரித்துப் பார்த்தேன், நல்ல கனமான துணி. உயரம் கூடுதலாக இருக்கிறதோ என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. புதுத் துணியைப் பார்த்ததும் கை நேராக மஞ்சள் டப்பாவுக்குத்தான் போனது. எங்கள் வீட்டில் புதுத் துணி எதுவானாலும் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துவிட்டுத்தான் உடுத்துவோம். திரைச்சீலை உடுத்துகிற துணியா என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. நாலு துணிக்கும் தண்ணீரில் குழைத்து மங்களகரமாக வைத்தேன். ஒரு மூலை போதும், நான் எல்லா மூலைக்கும் வைத்தேன்.

மாட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், இரண்டடித் துணி தரையில் படுத்துக்கிடந்தது.

கணவர் கட்கியில் ஒரு பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் லோக்கல் ரயிலில் வந்து ஆகுர்டியில் இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் பாதி தூக்கத்தில் இருப்பார். அன்றைக்கு மட்டும் நன்றாக விழித்துக்கொண்டார். ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆமா, கீழ் வீட்டுக்கும் சேத்தா வாங்கிருக்க?"

"அளந்துதான் வாங்குனேன்."

"எதுல அளந்த?"

நான் காபி போடப் போய்விட்டேன்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். மறுநாளே ஒருவர் எடுத்துக்கொண்டு போக வந்தார். நாற்பது வயதுக்காரர், நல்ல மீசை, அவசரமே இல்லாத மனிதர். துணியைப் பிரித்தார், ஒரு மூலையைப் பார்த்தார், அடுத்த மூலையைப் பார்த்தார், பிறகு பதினாறு மூலையையும் பார்த்தார்.

"ஹல்தி?" என்றார், மஞ்சளா என்று.

அது கறையில்லை, மங்களம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவருக்குப் புரியாமலில்லை. "எங்க வீட்டிலயும் புது வண்டி வாங்கினா மஞ்சள் குங்குமம் வைப்போம் மேடம்," என்றார் இந்தியில். "ஆனா வண்டியைத் திருப்பிக் கொடுக்க மாட்டோம்." போனில் எதையோ தட்டிவிட்டு, மூட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, வீட்டிலேயே குட்டை பண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. எங்களிடம் தையல் மெஷின் கிடையாது. இந்தக் கட்டடத்தில் வேறு யாராக இருந்தாலும் துணியைச் சுருட்டிக்கொண்டு ஐந்தாவது மாடிக்குப் போயிருப்பார்கள். அங்கே, சரியாக எங்கள் வீட்டுக்கு மேலே, ஒரு காக்கூ இருக்கிறார். காக்கூ என்றால் மராத்தியில் சித்தி. அறுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். மோட்டார் வைத்த பழைய தையல் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார். கட்டடத்தில் யாருக்குப் புடவைக்கு ஃபால் தைக்க வேண்டுமென்றாலும், தலையணை உறை கிழிந்தாலும் காக்கூதான். என் புடவை அத்தனைக்கும் ஃபால் தைத்தது அவர்தான். நாங்கள் குடிவந்த அன்று, கேஸ் இணைப்புகூட வராத நேரத்தில், ஃபிளாஸ்க்கில் டீயோடு முதலில் வந்து நின்றவரும் அவரே.

ஆனால் நான் மேலே போக முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

மூன்று மாதத்துக்கு முன்னால் நான் அவர் மேல் புகார் கொடுத்திருந்தேன். அந்த மெஷின் இருப்பது என் மேஜைக்கு நேர் மேலே. மோட்டார் ஓட ஆரம்பித்தால் எங்கள் கூரை உறுமும். வீடியோ காலில் நான் பேச ஆரம்பிக்கும்போதுதான் அதற்கும் பேச்சு வரும். ஒருநாள் மேலாளர், "உங்கள் வீட்டில் மாவு மில் நடத்துகிறீர்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவரிடம் காட்ட முடியாதல்லவா. மீட்டிங்கை முடித்த கையோடு குடியிருப்புச் சொசைட்டி செயலாளருக்குப் போன் போட்டு, இப்படி இப்படி, என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். அவர் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில், குடியிருப்போர் சத்தம் போடும் இயந்திரங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று ஒரு அறிவிப்புப் போட்டார். யார் பெயரும் இல்லை. நாகரிகமாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து சத்தம் நின்றுவிட்டது. சத்தியமாக, ஒரு சின்ன உறுமல்கூட இல்லை.

ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அந்த நிசப்தம் என்னை அறுக்க ஆரம்பித்தது. காக்கூவைப் பார்க்க முகமில்லாமல் போயிற்று. வெளியே போகுமுன் கதவு லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். லிஃப்ட் ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கி வருகிறது என்றால் நான் படியில் இறங்குவேன். காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்துவிட்டு, வெண்டைக்காயைக் கையில் வைத்தபடியே ஒரு வேன் பின்னால் ஒளிந்திருக்கிறேன். காய்கறிக்காரர் வந்து வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு போனார். புகார் கொடுத்தது நான்தான் என்று அவருக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் ஒரே பிரார்த்தனை. டீ கொண்டுவந்த மனுஷி. அவர் என்னைப் பற்றி அப்படி நினைத்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. இந்த நிலையில், நிறுத்தச் சொன்ன மெஷினிலேயே என் திரைச்சீலையை ஓட்டித் தரச் சொல்லி எந்த முகத்தோடு போய் நிற்பது?

அதனால் ஊக்கில் ஆரம்பித்தேன். இரண்டடியை உட்பக்கமாக மடித்து, வரிசையாக ஊக்குப் போட்டுக்கொண்டே போனேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கிட்ட வந்தால் மடிப்பு வயிறு தள்ளிக்கொண்டு தொங்கியது. காற்றடித்தால் ஊக்கெல்லாம் கிணுகிணுவென்று பேசிக்கொண்டன. இரண்டாம் நாள் காலையில் பால்கனிக்குத் துண்டு எடுக்கப் போன கணவர், திறந்துகொண்ட ஒரு ஊக்கின் மேல் கால் வைத்தார். பிடிமானத்துக்குத் திரைச்சீலையைப் பிடித்தார். கம்பி அவர் தோளோடு சேர்ந்து கீழே வந்தது. சந்தன நிறக் குவியலுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஏட்டி, நான் லோக்கலைப் பிடிக்கணும். வெளிய வார வழி எந்தப் பக்கம்?"

அவரை வெளியே எடுத்து, கால் விரலுக்கு மருந்து போட்டு அனுப்பினேன். கம்பியைச் சாயங்காலம் அவரே வந்து மாட்டினார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்தது, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் நாடா. ஆபீஸில் ஒருத்தி சொன்னாள். துணியை மடித்து, மடிப்புக்குள் நாடாவை வைத்து, சூடான பெட்டியை அழுத்தினால் நாடா உருகி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும், தையலே வேண்டாம் என்றாள். கேட்கும்போதே எனக்குப் பிடித்துவிட்டது. வாங்கினேன். சாப்பாட்டு மேஜைதான் நீளமான இடம். இஸ்திரிக்கு விரிக்கும் பழைய போர்வை துவைக்கக் கிடந்தது. அலமாரியில் கைக்கு வந்த வெள்ளை வேட்டியை நாலாக மடித்து விரித்தேன். அது ஜரிகைக் கரை போட்ட வேட்டி என்பதைக் கவனிக்கவில்லை என்று கணவரிடம் சொன்னேன். கவனித்தேன், ஆனால் எழுந்து போய் வேறு தேட அலுப்பாக இருந்தது.

நாடாவை வைத்தேன். துணியை அதன் மேல் இழுத்துவிட்டேன். பெட்டியை வைத்து, சொன்னபடி பத்து எண்ணி, நகர்த்தி, மறுபடி பத்து எண்ணி, மேஜை நீளத்துக்கும் போனேன். நாடாவுக்கு மேலே திரைச்சீலை இருந்தது சரி. கீழே இருக்க வேண்டிய மடிப்பைத்தான் மடிக்க மறந்துவிட்டேன். தூக்கிப் பார்த்தபோது திரைச்சீலையும் வந்தது, கூடவே வேட்டியும் வந்தது. இழுத்தேன், வரவில்லை. நாடா கம்பெனிக்காரன் சொன்னது உண்மைதான், பிடித்தால் பிடித்ததுதான்.

கணவர் வேட்டியின் ஜரிகையைத் தடவிப் பார்த்தார்.

"இனி இதக் கெட்டிக்கிட்டு கோயிலுக்குப் போனா ஸ்கிரீனும் கூட வரும், என்னா?"

"திரும்ப இஸ்திரி போட்டா கழண்டுருமாம். பாக்குதேன்."

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம்மா. மேல போய் அந்த அம்மாட்ட குடுத்துட்டு வா. அஞ்சு நிமிசத்துல ஓட்டிருவாங்க."

புகார் விஷயம் அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. "அவங்களுக்கு வயசாயிட்டு, பாவம்" என்று சொன்னேன். சொல்லும்போதே என் முகம் சுட்டது.

வேட்டியை ஓரமாக வெட்டித்தான் பிரிக்க முடிந்தது. ஆக ஒரு திரைச்சீலைக்கு மட்டும் கீழே பட்டையாகக் கொஞ்சம் வேட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி வழி கைத்தையல்தான். ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மடிப்பை ஓரமாகப் பிடித்து, முன்பக்கம் தெரியாதபடி ஒரே ஒரு இழையை மட்டும் குத்தி எடுக்கும் தையல் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது. அது கைக்கு ஞாபகம் இருந்தது. மத்தியான மீட்டிங் நீளமானது, நான் பேச வேண்டியதும் அதிகமில்லை. கேமராவை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரைச்சீலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டே கேட்டேன். யாரோ அடுத்த காலாண்டைப் பற்றிப் பேசினார்கள். என் தையல் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு துணி முடிந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

அப்போது வாசல் மணி அடித்தது.

எழுந்தேன். திரைச்சீலையும் எழுந்தது. காலில் மாட்டியிருக்கிறது என்று நினைத்து உதறினேன், போகவில்லை. குனிந்து பார்த்தேன். மடியில் குவிந்திருந்த துணியோடு சேர்த்து என் குர்த்தாவின் முன்பக்கத்தையும் ஒரு முழ நீளத்துக்கு, விரல் நீட்டிய முழத்துக்கு, அழகாகத் தைத்து வைத்திருந்தேன். வெளியே தெரியாத தையல் வேறு. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை.

மறுபடி மணி அடித்தது. ஒன்பதடித் துணியை இழுத்துக்கொண்டு போய் லென்ஸில் பார்த்தேன். காக்கூ.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விடுவார் என்பது என் எண்ணம். சரியாக அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் மேலாளர் என் பெயரைச் சொல்லி, "இருக்கிறீர்களா?" என்று கேட்டார். பதற்றத்தில் மைக்கைத் திறந்து, "யெஸ், ஐ ஆம் ஹியர்" என்று கத்தினேன். நாலாவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு நிச்சயமாகக் கேட்டது.

கதவைத் திறந்தேன்.

காக்கூ என் முகத்தைப் பார்த்தார், பிறகு குர்த்தாவை, பிறகு எனக்குப் பின்னால் ஹால் வரை நீண்டு கிடந்த துணியை. "அகோ பாய்," என்றார், நம் ஊர் 'அடியம்மா' மாதிரி. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே வந்து, என்னைச் சோபாவில் உட்காரவைத்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைச்சீலையின் மறுபாதியைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். தரையில் சிதறிக் கிடந்த ஊக்குகளில் ஒன்றை எடுத்து, அதன் முனையால் என் தையலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிரிக்க ஆரம்பித்தார். நான் அதற்குள் மீட்டிங்கை மூடியிருந்தேன். கரண்ட் போய்விட்டது என்று எழுதி அனுப்பினேன்.

"நல்ல தையல்," என்றார். அவர் பேசியது மராத்தி. எனக்குப் புரிந்த அளவுக்குத் தமிழில் எழுதுகிறேன். "பிரிக்கத்தான் கஷ்டமா இருக்கு."

நாலைந்து தையல் பிரித்தார். பிறகு, கண்ணைத் தையலிலிருந்து எடுக்காமலே, வந்த விஷயத்தைச் சொன்னார்.

"என் தங்கச்சி மகளுக்கு அடுத்த மாசம் குழந்தை பொறக்கப் போகுது. பழைய புடவையெல்லாம் சேத்து ஒரு கோதடி, மெத்துன்னு ஒட்டுப்போர்வை, தைக்கிறேன். பாதிகூட ஆகலை. இந்த பில்டிங்ல யாருக்கோ என் மெஷின் சத்தம் தொந்தரவா இருக்குன்னு செயலாளர் சொன்னார். யாருன்னு சொல்லலை. அதான் மோட்டாரைக் கழட்டிட்டு, கீழே ரெண்டு போர்வை போட்டு, சக்கரத்தைக் கையால சுத்தித் தைக்கிறேன். ஒவ்வொரு தையலா. இப்படிப் போனா குழந்தை பள்ளிக்கூடம் போற வயசுலதான் முடியும். எந்த நேரம் ஓட்டினா யாருக்கும் கஷ்டமில்லைன்னு ஒவ்வொரு வீடாக் கேட்டுக்கிட்டு வரேன். உனக்கு எந்த நேரம் சரிப்படும்?"

மூன்று மாதமாக மேலேயிருந்து டுக், டுக் என்று விட்டு விட்டு ஒரு சின்னச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழாய் ஒழுகுகிறது என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டு, மூன்று குழாய்க்கும் வாஷர் மாற்றியிருந்தேன். அந்த டுக் ஒவ்வொன்றும் இவர் கையால் சுற்றிய ஒரு தையல்.

அப்போதுகூட, எந்த நேரமானாலும் சரி காக்கூ என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டீ போடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குள் ஓடிவிடவும் பார்த்தேன். எழ முடியவில்லை. பாதித் தையல் இன்னும் பாக்கி, துணி அவர் மடியில் இருந்தது. இப்படி ஒரு ஆளின் முன்னால் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. வேறு சந்தர்ப்பத்தில் முடிந்திருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"நான்தான் காக்கூ," என்றேன். "செயலாளரிடம் சொன்னது நான்தான்."

அவர் அடுத்த தையலைத் தூக்கிப் பிரித்தார்.

"தெரியும்."

"செயலாளர் சொல்லிட்டாரா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? எனக்கு நேர் கீழே உன் வீடு ஒண்ணுதானே இருக்கு."

மூன்று மாதம். லென்ஸ், படி, வேன், வெண்டைக்காய். நான் ஒளிந்ததையெல்லாம் அவர் பார்த்திருக்கிறார், ஒருவேளை பால்கனியில் நின்றுகூட. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரைச்சீலையிலேயே துடைத்துக்கொண்டேன்.

"அப்போ ஒவ்வொரு வீடாக் கேட்டுக்கிட்டு வரதா சொன்னீங்களே, மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"வேற எந்த வீட்டுக்கும் நான் போகலை," என்றார் காக்கூ. "உன்கிட்ட மட்டும் வந்து கேட்டா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு பார்த்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி சரி என்று கையை ஆட்டினார். "எனக்கும் கோபம் வந்துச்சு, ஒரு மாசம் உன் பேரைச் சொல்லித் திட்டினேன், அப்புறம் கையால சுத்திச் சுத்தித் தோள் வலி வந்ததுல கோபத்துக்கு நேரமில்லாமப் போச்சு," என்றார். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசித் தையலும் பிரிந்தது. குர்த்தா என்னிடமும் திரைச்சீலை அவரிடமும் வந்தன. நாலு துணியையும் மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். முதலில் கோதடியை முடியுங்கள் என்று கெஞ்சினேன். நாலு நேர்கோடு, இதற்கு என்ன நேரம் ஆகிவிடும் என்றார். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டார், இரண்டடி என்றேன். யார் அளந்தது என்று கேட்டார். நான் கையைப் பின்னால் மறைத்ததைப் பார்த்து, தானே அளந்துகொள்வதாகச் சொல்லி, இடுப்பிலிருந்து டேப்பை உருவி அங்கேயே அளந்தும் விட்டார். வேட்டி ஒட்டியிருந்த துணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி இடுக்கிக்கொண்டார். வாசலில் நின்று, நேரத்தை மட்டும் விடாமல் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் என்றேன். அது நேரமில்லை, ஒரு நேரம் சொல்லு என்றார். ஒன்றரைக்கு மேல் மூன்று வரைக்கும் எனக்கு மீட்டிங் கிடையாது என்று சொன்னேன். மறுநாள் காலையில் என் கணவர் மேலே போய் மோட்டாரை மாட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். விஷயத்தை அவரிடமும் சொல்லியிருந்தேன். "ஸ்கிரீன் விழுந்ததவிட இதுதான் பெரிய அடி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் ஒன்றரைக்கு, ஒரு நிமிஷம்கூட முன்னால் இல்லை, கூரை உறுமியது. நான் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திருந்திவிட்ட காரணத்தால் சத்தம் இனிமையாகிவிட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். அதே சத்தம்தான், அதே மாவு மில். தட்டில் ஸ்பூன் அதிர்ந்தது. ஆனால் உட்கார்ந்து கேட்டேன். நாலாவது நிமிஷமோ ஐந்தாவது நிமிஷமோ, அது சட்டென்று நின்றது.

காத்திருந்தேன். மறுபடி வரவில்லை. ஐயோ, யாராவது மறுபடி ஏதாவது சொல்லிவிட்டார்களா, இல்லை நான் நாற்காலியை இழுத்த சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் அலுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டாரா. சோற்றுக் கையைக்கூடக் கழுவவில்லை. லிஃப்டுக்கு நிற்கவில்லை. படியேறி ஓடினேன், கதவைத் தட்டினேன்.

காக்கூ கதவைத் திறந்தார். கழுத்தில் டேப், வாயில் நூல். என் கையைப் பார்த்தார், செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"பாபின்ல நூல் தீந்துபோச்சு," என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தாதீங்க காக்கூ என்று சொல்லத்தான் வந்தேன், அதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் குளியலறைக்கு அனுப்பிக் கை கழுவ வைத்து, மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார். நூல் ஏறியது, சத்தம் மறுபடி ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கீழே கேட்பதைவிட இரண்டு மடங்கு. மூன்று மணி வரை நான் அங்கிருந்து எழுந்து போகவில்லை.